கறுப்புத் தண்ணியில் காட்சி இன்பம்

சென்னையைப் பற்றி மேல்தட்டு கண்டுவரும் கனவுகளில் படகுக்கு ஒரு நிரந்தர இடம் உண்டு. கூவத்தில் படகு, பக்கிங்காம் கால்வாயில் படகு. இரு கரையிலும் புல்தரை, விளக்குக் கம்பம், நடைபாதை. திறந்த படகில் உட்கார்ந்து 'பாரம்பரிய' நகரத்தைப் பார்த்துக்கொண்டே போகும் ஒரு குடும்பம். 1967இல் கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் படகுத்துறைகள் கட்டிப் படகும் விட்டார்கள், சீக்கிரமே நின்றுபோயிற்று. 2008இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரைக்குமான கால்வாய்த் தொடர் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவிக்கப்பட்டது. நடுநடுவே வெனிஸ் என்றும் ஆம்ஸ்டர்டாம் என்றும் பேச்சு எழும், அடங்கும். இத்திட்டங்கள் நிறைவேறுமா என்பது இங்கே கேள்வியல்ல. நிறைவேறாமலேயே அவை வேலை செய்கின்றன என்பதுதான் விஷயம். ஒரு படகுகூட ஓடாமல், கரையிலிருக்கும் குடிசைகளைக் காலிசெய்யும் வல்லமை இந்தப் படகுக்கு உண்டு. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கேட்டால் தெரியும். ஆக இதைப் போக்குவரத்துச் சாதனமாக அல்ல, ஒரு சொல்லாடலாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

சுற்றுலாப் பார்வை பற்றி ரொலான் பார்த் 1957இலேயே எழுதியிருக்கிறார். 'நீல வழிகாட்டி' என்ற பயண நூல்வரிசையை எடுத்துக்கொண்டு, அதில் மலையும் மாதா கோயிலும் மட்டுமே தேசமாக இருப்பதையும், மனிதர்கள் வெறும் 'வகைமாதிரி'களாகச் சுருங்கிப் போவதையும் அவர் காட்டினார். மிஷேல் த செர்த்தோ வேறு இடத்திலிருந்து தொடங்குகிறார். நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்து உச்சியில் நின்று பார்ப்பவனுக்கு நகரம் ஒரு பிரதியாக விரிகிறது. கீழே நடப்பவர்கள் எழுதுவதை அவன் வாசிக்கிறான், ஆனால் நடப்பவர்களுக்கு அந்த வாசிப்பு வாய்ப்பதில்லை. படகுக்கு இந்த உயரம் கிடையாது. கரையைவிடத் தாழ்வாகவே அது போகிறது. அப்படியானால் பார்ப்பவனுக்கும் பார்க்கப்படுபவனுக்கும் இடையே தேவைப்படும் அந்தத் தூரத்தை எது கொடுக்கிறது? தண்ணீர். ஐந்தடி அகலத் தண்ணீர் போதும். உட்கார்ந்திருப்பவன் அசைய வேண்டியதில்லை, கரை அவனுக்காக நகர்ந்து கொடுக்கிறது. கரையில் துணி துவைப்பவளும் பல் விளக்குபவனும் காட்சியாகிறார்கள். பேச்சுக் கொடுப்பதற்குள் படகு போய்விடும்.

இதில் சென்னைக்கென்று ஒரு பிரத்தியேகச் சிக்கல் இருக்கிறது. வெனிஸின் மாளிகைகள் தண்ணீரைப் பார்த்து முகம் வைத்துக் கட்டப்பட்டவை. அவற்றின் தலைவாசலே கால்வாயில்தான் திறக்கிறது. படகில் போகிறவன் நகரத்தின் முகத்தைப் பார்க்கிறான். நம்ம ஊரில் பக்கிங்காம் கால்வாயைப் பார்த்து வாசல் வைத்தவர் யார்? கக்கூசும் கழிவுநீர்க் குழாயும்தான் அந்தப் பக்கம் திறக்கின்றன. நகரம் கால்வாய்க்கு முதுகைக் காட்டியே வளர்ந்தது. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். அப்போது அதை வெற்றிடம் என்று எண்ணினார்களே ஒழிய நீர்வழி என்று எண்ணவில்லை. ஊரின் கழிவு எந்தத் திசையில் வடிகிறதோ அந்தத் திசையில் சேரி என்பது நம் கிராமங்களின் பழைய வரைபடம். நகரம் அதை அழித்துவிட்டதாகச் சொல்கிறது. கால்வாய்க்கரையோரம் போய்ப் பார்த்தால் அழித்ததாகத் தெரியவில்லை. இங்கே படகில் ஏறி உட்காருகிறவன் கண்ணில் படப்போவது நகரத்தின் முதுகு. முதுகைப் பார்க்கச் சகிக்காது. எனவே அதை முகமாக்க வேண்டும். முகமாக்குவது என்றால், முதுகில் குடியிருப்பவர்களை எடுத்துவிடுவது. 'அழகுபடுத்தல்' என்ற சொல்லின் தர்க்கம் இவ்வளவுதான்.

பாரம்பரியம் என்கிறார்களே, அது யாருடையது? 1806இல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளை வணிகர் எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் அது. அப்புறம் வடக்கே பழவேற்காட்டைத் தாண்டி நீண்டது. 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் துண்டைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். பட்டினி கிடந்தவர்களின் கை வெட்டிய மண் அது. பெயர் கிடைத்தது அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு. (பெரம்பூர்ப் பக்கிங்காம் மில்லும் அதே பெயரைச் சுமந்தது. மில் 1996இல் மூடப்பட்டது, பெயர் மட்டும் தண்ணீரில் கிடக்கிறது.) அந்தப் பஞ்சத்தில்தான் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையாளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். மதராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர்தரிக்கவே போதாது என்று வாதாடினார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண்வெட்டி பிடிக்கிற ஆளுக்கு!

அதே பஞ்சத்தை இன்னொருவரும் பார்த்தார். மதராஸ் படையைச் சேர்ந்த வில்லபி ஹூப்பர், எலும்பும் தோலுமானவர்களை வரிசையாக உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்தார். படம் எடுப்பதற்காக அவர்களை உட்காரவைத்த விதம் அந்தக் காலத்திலேயே கண்டனத்துக்குள்ளானது. கால்வாய் வெட்டப்பட்டதும் காமிரா வைக்கப்பட்டதும் ஒரே பஞ்சத்தில் என்பதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பட்டினியான உடம்பிலிருந்து உழைப்பை எடுத்தது ஒன்று, காட்சியை எடுத்தது மற்றொன்று. நிவாரணம் என்ற பெயர் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

கால்வாயில் உண்மையாகவே படகு ஓடிய காலத்துக்கு வருவோம். வடக்கேயிருந்து சவுக்கு விறகு, உப்பு, நெல், கிளிஞ்சல் எல்லாம் பேசின் பிரிட்ஜுக்கு வந்திறங்கின. அந்தப் பாலத்தின் பெயரிலுள்ள 'பேசின்' படகுகள் ஒதுங்கிய குளம்தான். சேப்பாக்கத்துப் பக்கம் 'லாக் நகர்' என்று ஒரு குடியிருப்பின் பெயரில் மதகு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1965, 66 புயல்களுக்குப் பிறகு இந்தப் போக்குவரத்து படுத்துவிட்டது. சின்ன வயசில் விறகுத் தொட்டியில் வேலை பார்த்து, இப்போது கொடுங்கையூரில் இருக்கும் ஒரு பெரியவரிடம் படகுச் சவாரித் திட்டங்களைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். "போட்டுல உக்காந்து பாக்குறதா? அந்தக் காலத்துல போட்டுல உக்காந்தவன் எவன் தம்பி? கவுறு புடிச்சிக் கரையில நடந்தவன்தான் பாதிப் பேரு. காத்து இருந்தா பாய், இல்லன்னா கோலு, அதுவும் முடியலன்னா தோளு. இன்னாத்த பாக்குறது? முன்னால போறவன் முதுகத்தான் பாத்துக்கினு போவணும்."

செர்த்தோவின் நடப்பவனைவிட இந்தக் கயிறிழுப்பவன் எனக்கு முக்கியமானவனாகப் படுகிறான். நடப்பவனுக்காவது குறுக்குச் சந்தில் நுழைந்துகொள்ளும் சுதந்திரம் உண்டு. படகை இழுப்பவன் படகிலும் இல்லை, கரைவாசியும் இல்லை. எந்தப் பாரம்பரியப் பலகையிலும் அவனைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டார்கள்.

சினிமா இந்தச் சவாரியை ஏற்கெனவே நடத்திக் காட்டிவிட்டது. 2010இல் வந்த 'மதராசபட்டினம்' படத்தில் கவர்னர் மகளுக்குச் சலவைத் தொழிலாளி நகரத்தைச் சுற்றிக் காட்டுகிறான். படத்தின் முடிச்சோ, சலவைத் தொழிலாளர்கள் குடியிருப்பை அகற்றிவிட்டுக் கோல்ஃப் மைதானம் அமைக்க வெள்ளை அதிகாரம் நினைப்பது. இந்த இரண்டு இழைகளும் ஒரே படத்தில் இருந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதே இல்லை. ஊர்சுற்றல் காதலுக்குப் போய்விடுகிறது, நிலப்பறிப்பு மல்யுத்தத்துக்குப் போய்விடுகிறது. பார்ப்பதும் பறிப்பதும் ஒரே செயலின் இரண்டு பக்கம் என்று படம் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. நாம் கண்குளிரப் பார்த்தோம். சுத்தமான கூவமும் டிராமும் நமக்கு ஏக்கம் தந்தன. அந்த ஏக்கத்துக்குத்தான் திட்ட அறிக்கைகள் விலை போடுகின்றன. காலனிய நகரம் என்பது சுத்தமாக இருந்த நகரம் என்று பொதுப்புத்தியில் ஏறிவிட்டால், அசுத்தத்துக்குக் காரணம் சுதந்திரத்துக்குப் பின் கரையேறிய ஏழைகள் என்பது தானாகவே வந்துவிடும்.

இந்தக் கால்வாயைத் தெற்கே பிடித்துக்கொண்டு போனால் முட்டுக்காடு வரும். 1984 முதல் அங்கே அரசின் படகுக் குழாம் இருக்கிறது. வடக்கே வந்தால் கொடுங்கையூர். ஏறத்தாழ 340 ஏக்கர் குப்பைமேடு. நகரத்தின் வடபாதி கழித்ததெல்லாம் பல பத்தாண்டுகளாக இங்கேதான் வந்து சேர்ந்தது. கேப்டன் காட்டன் கால்வாயும் கொடுங்கையூர்க் கால்வாயும் பக்கிங்காமில் கலக்கின்றன. நகரத்தின் சாக்கடைநீர் இங்கே சுத்திகரிக்கப்பட்டு, 2019 முதல் ஒரு பகுதி மீண்டும் உயர்தரமாக வடிகட்டப்பட்டு மணலித் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் போகிறது. தொழிற்சாலைக்கு வேண்டுமென்றால் தண்ணியைச் சுத்தம் பண்ணத் தெரியும் என்பது இதிலிருந்து புரிகிறதல்லவா. தொழில்நுட்பம் இல்லை, பணம் இல்லை என்ற பேச்செல்லாம் கரைவாசிகளிடம் மட்டும்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் வெளியேறி, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்குப் போயிற்று. திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே எண்ணெய்த் தண்ணீர் புகுந்தது. சுவரில் கறுப்புக் கோடு. எண்ணூர்க் கழிமுகத்தில் நண்டும் இறாலும் அலையாத்தி வேரும் கறுத்தன. அப்போது படகுகள் இறங்கின. மீனவர்களின் படகுகள். முறையான பாதுகாப்புக் கவசங்கள்கூட இல்லாமல் பக்கெட்டும் கைப்பாத்திரமும் வைத்துக்கொண்டு எண்ணெயை அள்ளினார்கள். யாருடைய தொழிலை எண்ணெய் அழித்ததோ அவர்களையே கூலிக்கு அமர்த்தி அள்ளவைத்தார்கள். நிவாரண வேலை. 1877இன் சொல் அப்படியே 2023இல் வந்து நிற்கிறது, அதே கால்வாயில். வடசென்னையின் திறந்த படகுச் சவாரி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி நம் பக்கத்துச் சங்கடம் ஒன்று. எதிர்ப்பும் ஒரு காட்சியை உண்டாக்குகிறது. 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' எண்ணூர்க் கழிமுகத்திலேயே படமாக்கப்பட்டது. வசவாகிப்போன ஒரு சொல்லைத் திருப்பி எடுத்து, அது எல்லோருக்குமான பொதுநிலம் என்று நிறுத்தியது சாதாரணக் காரியமில்லை. கர்நாடக இசைக்கு அதுவரை பழக்கமில்லாத பேச்சுமொழியையும் உள்ளே கொண்டுவந்தது. எனக்குப் பிடித்த பாட்டு. ஆனாலும் அதன் பிறகு புகைபோக்கியும் சாம்பல்படுகையும் ஒருவிதமான நிலப்பரப்பு அழகியலாக உறைந்துவிட்டதையும் கவனிக்க வேண்டும். எண்ணூர் என்றால் ஒரு படகு, ஒரு மீனவர், பின்னால் குளிர்விப்புக் கோபுரம். கொடுங்கையூர் என்றால் புகை, மாடு, குப்பை பொறுக்கும் குழந்தை. ஹூப்பரின் சட்டகத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நல்லெண்ணத்தால் மட்டும் அளந்துவிட முடியாது. வருகிற தோழர்கள் குப்பைமேட்டைத்தான் பார்க்கிறார்கள். அதைச் சுற்றியிருக்கும் எழில் நகரையும் கிருஷ்ணமூர்த்தி நகரையும், அங்கே டியூஷன் நடக்கிறது, கேரம் போட்டி நடக்கிறது, வரி கட்டுகிறார்கள் என்பதையும் பார்ப்பதில்லை. குப்பை மட்டுமே தெரிகிற இடத்தில் இன்னொரு எரிஉலையைக் கொண்டுவந்து வைப்பது சுலபம்.

அந்த எரிஉலைத் திட்டத்தை எதிர்த்து 2025 மே மாதம் வடசென்னைவாசிகள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அங்கே யாரும் புல்தரையும் நடைபாதையும் கேட்கவில்லை. குப்பையை எரிக்காதே, பிரித்து வாங்கு, எங்கள் தலையில் கொண்டுவந்து கொட்டாதே என்பதுதான் பேச்சு. கால்வாயைப் பற்றி அந்தப் பெரியவரிடம் கேட்டதற்கும் இந்த மாதிரிதான் பதில் வந்தது. தூர்வாரட்டும், கம்பெனித் தண்ணி உடறத நிறுத்தட்டும், மழைக்கு வீட்டுக்குள்ள ஏறாம இருந்தா போதும். "படகு உட்டா ஏறுவீங்களா?" என்றேன். "டிக்கெட் எவ்ளோன்னு போடுவான்?" என்று கேட்டார்.