வெள்ளிவிழா முத்திரையும் கொழுந்து பறிப்போரும்

ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரது ஆட்சியின் வெள்ளிவிழாவை முன்னிட்டு, 1935 மே மாதத்தில், பிரித்தானியக் குடியேற்ற நாடுகள் 40க்கு மேற்பட்டவை ஒரே வடிவிலான நினைவு முத்திரைகளை வெளியிட்டன. மன்னரின் தலையும் வின்சர் கோட்டையுமே படம். இலங்கைக்கு 6, 9, 20, 50 சதப் பெறுமதிகளில் நான்கு கிடைத்தன. நாட்டுக்கு நாடு மாறியவை பெயரும் பெறுமதியும் நிறமுமே. செதுக்கு அச்சின் நுண்மையில் இவை குறைந்தவையல்ல. ஆயினும் 'சிலோன்' என்னும் பெயர், அச்சுத் தகட்டில் விடப்பட்ட வெற்றிடமொன்றை நிரப்பியதற்கு மேல் எதனையும் செய்யவில்லை.

சேகரிப்பாளரோ உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் வேறொன்றைத் தேடினர். சில நாடுகளின் முத்திரைகளில், தகட்டுப் பழுதினால், கோட்டையின் மீது கொடிக்கம்பமொன்று மிகையாகத் தோன்றியது. அதற்கு இன்றும் தனி விலை உண்டு. பேரரசின் பெருமை கூறவந்த படத்தில் பிழையே பெருவிலை பெற்றமை வேடிக்கைதான்.

சாதாரண பாவனைக்கென 1935-36இல் வெளியான இலங்கைப் படத்தொடரை இதனருகே வைத்து நோக்குதல் வேண்டும். இறப்பர் பால்வெட்டு, கொழும்புத் துறைமுகம், தென்னை, புராதன குளம் என நாட்டின் நிலமும் தொழிலும் அங்கு இடம்பெற்றன. 9 சத முத்திரையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் காட்சி. ஆக, அதே 9 சதத்துக்கு வின்சர் கோட்டையும் கிடைத்தது. தேயிலைத் தோட்டமும் கிடைத்தது. கோட்டை நினைவுக்குரியதாயிற்று; கொழுந்து பறிப்போர் அன்றாடக் கடிதத்துக்குரியோராயினர். உழைப்பை ஏற்றுமதிப் பண்டத்தின் விளம்பரமாகக் கண்ட பார்வையே அது எனலாம். எனினும் அங்காவது அவர்கள் தென்பட்டனர் என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

1947 நவம்பரில், புதிய அரசியலமைப்பைக் குறித்து நான்கு நினைவு முத்திரைகள் வந்தன. கோட்டை அகன்றது, பாராளுமன்றக் கட்டடம், சிவனொளிபாத மலை, தலதா மாளிகை, அநுராதபுரம் ஆகியன அதனிடத்தைப் பெற்றன. சொந்த நாட்டுக் காட்சிகள் என்ற அளவில் இது முன்னேற்றமே. ஆனால் உழைப்போருக்கு இங்கும் இடமில்லை. சிவனொளிபாதத்தைப் பல சமயத்தவரும் போற்றுவர். ஏனைய பழம்பெருமையோ ஒரு மரபையே சார்ந்தது. இதனை வெறும் அழகியல் தெரிவாக நாம் கொள்ள இயலாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், மலையகத் தமிழருட் பெரும்பாலோரைப் பிரசாவுரிமைக்குப் புறம்பாக்கியது, இம்முத்திரைகள் வெளிவந்த மறு ஆண்டிலேயே.

நினைவு முத்திரைகளுக்கும் பாவனை முத்திரைகளுக்கும் வெவ்வேறு பக்கங்கள் ஒதுக்குவது சேகரிப்பாளர் பலரின் வழக்கம். அவ்விரு 9 சத முத்திரைகளையும் ஒருமுறை ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்குமாறு அந்நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.