அவசரம் யாருடையது? தமுக்கு, ஹாம், கண்ணிவலை

அரியலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு மருதையாறு என்றால் இரண்டு ரயில்கள் நினைவுக்கு வரும். 1956 நவம்பர் 23 விடியற்காலை, வெள்ளம் பாலத்தை அரித்துத் தின்றுகொண்டிருந்த சேதி எட்டாமலேயே வந்த தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றுக்குள் போனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். 1987 மார்ச்சில் அதே ஆற்றின்மேல் தமிழ்நாடு விடுதலைப்படையின் குண்டு வெடித்து மலைக்கோட்டை விரைவு ரயில் கவிழ்ந்தது. பயணிகளைக் கொன்ற அந்தக் குண்டை நியாயப்படுத்த இங்கு எதுவுமில்லை. நமக்கு முக்கியம் வேறொன்று. முதலாவதில் சுற்றுவட்டார மக்கள் மீட்பவர்களாகவும், இரண்டாவதில் சந்தேகத்துக்குரியவர்களாகவும் அரசின் கண்ணுக்குத் தெரிந்தார்கள். இரண்டுமே அரசின் மொழியில் 'அவசரநிலை'தான். ஒரே சொல், ஒரே ஆறு, இரண்டு வேறு மக்கள்.

அவசரகாலத் தகவல் தொடர்புக்கு 'மெஷ்' வலையமைப்பு என்ற பேச்சு இப்போது அடிபடுவதைக் கேட்கையில் இந்த ஆறுதான் குறுக்கே வருகிறது.

மெஷ் என்பதை நாம் கண்ணிவலை எனலாம். செல்போனில் என் பேச்சு முதலில் கோபுரத்துக்குப் போய், அங்கிருந்து உங்களுக்கு வருகிறது. நீங்கள் அடுத்த வீட்டில் இருந்தாலும் இதே கதிதான். கோபுரம் சாய்ந்தால் இருவருமே ஊமை. 2018 நவம்பரில் கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் இதைத்தான் பார்த்தோம். கண்ணிவலையில் கோபுரம் கிடையாது. ஒவ்வொரு கருவியும் ஒரு கணு. தனக்கு வந்ததை வாங்கிக்கொள்ளும், தனக்கல்லாததை அடுத்த கணுவுக்குத் தள்ளிவிடும். ஒன்று செத்தால் சேதி வேறு வழியாய்ச் சுற்றிக்கொண்டு போகும். அமெரிக்க ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள், வீட்டில் வைக்கும் லிங்க்சிஸ் வைஃபை ரவுட்டர்களின் மென்பொருளை மாற்றி இதைச் செய்துபார்த்தார்கள். 2020க்குப் பிறகு 'மெஷ்டாஸ்டிக்' என்ற திறந்த மென்பொருள் வந்து, சில ஆயிரம் ரூபாய்ப் பலகை ஒன்றில் 'லோரா' அலைகள் மூலம் குறுஞ்செய்திகளைக் கிலோமீட்டர் கணக்கில் தாண்டவைக்கிறது. இந்தியாவில் இதற்குரிய 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள் பயன்படுத்த உரிமம் வேண்டியதில்லை.

நம் கோட்பாட்டு நண்பர்கள் உடனே 'ரைசோம்' என்று துள்ளுவார்கள். மையமற்றது, படிநிலையற்றது, டெல்யூஸும் கட்டாரியும் சொன்னது மின்சாரத்தில் வந்துவிட்டது என்பார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். கோரைக்கிழங்குகூட யாரோ ஒருவர் நிலத்தில்தான் பரவுகிறது.

விக்கிரமங்கலத்திலிருந்து தெற்கே போனால் கொள்ளிடம். மேட்டூர் நிரம்பி வழியும் உபரி முக்கொம்பில் பிரிந்து இந்தப் பக்கம் வர ஓரிரு நாளாகும். திருமானூர், தூத்தூர், முட்டுவாஞ்சேரி என்று கரையோர ஊர்களுக்கு அந்த ஓரிரு நாள்தான் உயிர். 'மேட்டூரு நெறஞ்சிருச்சாம், தண்ணி வுட்டுட்டாங்களாம்' என்ற சேதி இந்த ஊர்களுக்கு எப்படி வந்தது? தொலைபேசிக்கு முன்னால், ஏன் தொலைபேசி வந்த பின்னாலும், தமுக்கின் வழியாகத்தான் வந்தது. தமுக்கை அடித்தது யார்? கேட்கவே வேண்டாம்.

தண்டோரா நம் கிராமங்களின் அவசரகாலத் தகவல் தொடர்பு. அதைச் சாதித் தொழிலாக, கூலி என்று சொல்லமுடியாத கூலிக்கு, பறையர்கள்மேல் ஊர் சுமத்தியது. 'இதனால் சகலமானவர்களுக்கும்' என்று கூவுகிறவர் அந்தச் 'சகலமானவர்'களில் சேர்த்தியில்லை. தாசில்தாரின் சொல்லை, மணியக்காரரின் சொல்லை, ஆற்றின் சொல்லைக்கூட அவர் ஊருக்குக் கொண்டுபோனார். அவருடைய சொல்லைக் கொண்டுபோக எவரும் இல்லை. சேரிக்குள் தண்ணீர் புகுந்தால் அதை ஊருக்குச் சொல்லத் தமுக்கு கிடையாது. 2022 ஆகஸ்டில்தான் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதித் தண்டோராவைத் தடை செய்தார். பதிலுக்கு வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொள்ளலாம் என்றார். இழிவு போனது, நல்லது. ஒருவழிப்பாதை போகவில்லை. ஒலிபெருக்கிக்கும் காது இல்லை.

பிரெக்ட் 1932இலேயே வானொலி பற்றி இதைத்தான் கேட்டார்: கேட்பவரைப் பேசவும் வைக்கும் கருவியாக இதை ஏன் மாற்றக்கூடாது? தமிழில் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பேசுவது மட்டுமல்ல, பிறர் சொல்லைச் சுமப்பது யார் என்பது. கண்ணிவலையில் என் கருவி உங்கள் சேதியைச் சுமந்துதான் ஆகவேண்டும். நீங்கள் எந்தத் தெரு என்று அது கேட்பதில்லை. தமுக்கின் வரலாறு உள்ள ஊரில் இது சின்ன விஷயமல்ல. எல்லோரும் எல்லோருக்கும் தமுக்கடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தச் சுமப்பைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? இங்கு வானொலியே அமெச்சூர்களின் விளையாட்டாகத்தான் துவங்கியது. 1924இல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று துவக்கிய மாகாண வானொலிக் கழகம்தான் ஒலிபரப்பை நடத்தியது. பணமில்லாமல் 1927இல் அது மூடிக்கொள்ள, கருவி மாநகராட்சியின் கைக்குப் போனது. பிறகு எல்லாம் அரசின் கைக்கு. 1939இல் உலகப்போர் மூண்டதும் அமெச்சூர்கள் தங்கள் கருவிகளைப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அப்படியும் 1942இல் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் இடம் மாற்றி இடம் மாற்றிக் காங்கிரஸ் வானொலி நடத்திச் சிறைக்குப் போனார்கள். விடுதலைக்குப் பின் வந்த 1978ஆம் ஆண்டு அமெச்சூர் விதிகளோ, அரசியல் அல்லது தொழிற்சர்ச்சைக்குரிய விஷயங்களை அலையில் பேசக்கூடாது, மறைமொழி கூடாது என்று கறாராகச் சொல்லின. வானிலை பேசலாம், ஆன்டெனா பேசலாம். கதவடைப்பு பற்றிப் பேசக்கூடாது. ராஜீவ் காந்தியே உரிமம் பெற்ற ஹாம்தான், வியூ2ஆர்ஜி என்பது அவருடைய அழைப்புக்குறி. பிரதமருக்குப் பொழுதுபோக்காக இருந்த கருவி ஊர்ப் பையன் கையில் இருந்தால் அதன் அர்த்தம் என்னவென்று எண்பதுகளின் கடைசியில் அரியலூர் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நன்றி மறந்து பேசுவதாக நினைக்க வேண்டாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்துக்காரர்கள் அந்தமானில் இருந்தார்கள். ராணுவக் காரணங்களால் ஹாம்களுக்குப் பல ஆண்டுகள் மூடியிருந்த தீவு அது. உலக ஹாம்களோடு பேசும் பொழுதுபோக்குக்காகத்தான் அனுமதி வாங்கிப் போயிருந்தார்கள். 26ஆம் தேதி கடல் ஏறியதும் தொலைபேசிகள் செத்தன. போர்ட் பிளேரிலிருந்து அந்தச் சிறு கருவிகள்தான் நாட்கணக்கில் இன்னார் உயிரோடு இருக்கிறார், இன்னார் இல்லை என்ற சேதிகளைத் தாங்கி வந்தன. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் நம் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கார் நிக்கோபாரிலிருந்து ஒரு குரல் வருவதன் பொருள் நமக்குத் தெரியும். அதுவரை பாதுகாப்புக்கு ஆபத்து என்று மூடிவைத்திருந்த அதே அலையை அரசு அன்று இரு கை நீட்டி வாங்கிக்கொண்டது.

இதோடு 2018 மே மாதத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்து நூறாவது நாள் ஊர்வலம் போனவர்கள்மேல் 22ஆம் தேதி துப்பாக்கிச்சூடு. 13 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்த உத்தரவு. யார் செத்தது, யார் ஆஸ்பத்திரியில், யாரைப் பிடித்துப் போனார்கள் என்று ஒரு நகரம் முழுக்கத் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. உயிரோடு இருக்கிறாரா என்ற அந்தமான் கேள்வியேதான். ஆனால் இங்கே கோபுரத்தைச் சாய்த்தது கடல் அல்ல. அன்று தூத்துக்குடியில் ஒரு கண்ணிவலை இருந்திருந்தால் அதை அவசரகாலச் சேவை என்றிருப்பார்களா, சதி என்றிருப்பார்களா?

பதிலை ஊகிக்க வேண்டியதில்லை. செல்போன்களை ப்ளூடூத்தாலும் வைஃபையாலும் நேரடியாகக் கோத்து இணையமின்றிச் சேதி அனுப்பும் 'பிரையர்' என்ற செயலி உண்டு. 2023 மே மாதம் ஒன்றிய அரசு தடைசெய்த 14 செயலிகளில் அதுவும் ஒன்று. காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்பது காரணம். 2019 ஆகஸ்டிலிருந்து மாதக்கணக்கில் இணையம் இல்லாமல் வைக்கப்பட்ட நிலம் அது என்பதை மறக்க வேண்டாம். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் 'பொது அவசரநிலை' என்ற சொல் சேதிகளை மறிக்கவும் ஒட்டுக்கேட்கவும் அதிகாரம் தந்தது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தபோது 20ஆம் பிரிவில் அந்தச் சொல்லுக்குள் பேரிடர் மேலாண்மையையும் சேர்த்துக்கொண்டது. இப்போது வெள்ளமும் கலகமும் ஒரே பிரிவில், ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லியது உண்மைதான். பொதுச்சொத்து என்பதற்கு நம் ஊரில் என்ன பொருள் என்று ஏரிப் புறம்போக்கைக் கேட்டால் சொல்லும்.

தமிழில் 'கடத்துதல்' என்ற சொல்லே இரண்டாய்ப் பிளந்துதான் கிடக்கிறது. வெப்பத்தைக் கடத்துவது, சேதியைக் கடத்துவது ஒருபுறம். சாராயம், சிலை, ஆள் கடத்துவது மறுபுறம். விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்து ஸ்ரீபுரந்தானில் 2006இல் நடராசரைக் கடத்தினார்கள். கோயில் பூட்டியே கிடந்ததால் சிலை போன சேதி ஊருக்கே தெரிய இரண்டு வருடம் ஆனது. அதற்குள் அவர் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்து, 2014இல்தான் திரும்பினார். பொருளைக் கடத்துகிறவனுக்கு வலை எப்போதும் இருக்கிறது. சேதியைக் கடத்துகிறவன்தான் உரிமம் காட்ட வேண்டும்.

அரசை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாகாது. லோரா அலைக்கு உயரம் வேண்டும். கணு தரையில் கிடந்தால் தெருமுனை தாண்டாது. மாடியில் வைத்தால் அடுத்த ஊர். ஊரில் உயரம் யாரிடம் இருக்கிறது? கோபுரம், மாடிவீடு, மேல்நிலை நீர்த்தொட்டி. தொட்டியா, அதிலும் எந்தத் தெருத் தொட்டி? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட பிறகு, தொட்டிமேல் ஏறுவது யார் என்பது வெறும் பொறியியல் கேள்வியாக இருக்க முடியாது. மையமற்ற வலை மாடிவீட்டுக்காரரின் சுவிட்சில் போய் நின்றால், அவர் கோபப்பட்ட அன்று கீழத்தெரு மறுபடியும் ஊமை. ஆகவே கணுக்களைத் தாழ்ந்த பக்கத்திலிருந்து, தண்ணீர் முதலில் புகும் பக்கத்திலிருந்து நட வேண்டும். அலை அங்கு சரியாகப் பாயாது என்று தொழில்நுட்ப நண்பர்கள் சொல்வார்கள். மூங்கில் நடுங்கள்.

இன்னொரு சங்கடம் மொழி சம்பந்தப்பட்டது. இந்தக் கருவிகள் ஒரு சேதிக்குச் சுமார் 200 பைட் இடம்தான் தருகின்றன. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. கொம்பும் காலும் புள்ளியும் தனிக் கணக்கு. 'கொள்ளிடம்' என்று தமிழில் அடித்தால் 27 பைட், ஆங்கில எழுத்தில் அடித்தால் 8. அவசரத்தில் தமிழன் தமிழில் கத்தினால் மூன்றில் ஒரு பங்குதான் கத்த முடியும். 'தண்ணி கழுத்தளவு, கெழவி ரெண்டு பேரு மாட்டிக்கிட்டாங்க, படகு அனுப்புங்க' என்பதே 180 பைட்டைத் தாண்டிவிடுகிறது. எந்தத் தெரு என்று சொல்ல இடமில்லை. குறுக்கெழுத்துகள், சுருக்கக் குறிகள், தமிழுக்கென்று அடக்கமான ஒரு குறியீட்டு முறை என்று செய்யவேண்டிய வேலை கிடக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கும் இதில் வேலை உண்டு.

அடுத்த ஐப்பசிக்குள் மூன்று கணுக்கள் வைத்துப் பார்க்கலாம் என்று இங்கு சில இளைஞர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதல் கணு ஆற்றங்கரைச் சேரியில் என்பதில் இதுவரை சண்டை இல்லை. இரண்டாவது எங்கே என்பதில்தான் மூன்று கூட்டம் ஆகியும் முடிவு வரவில்லை.