பழி தீர்த்த பின் என்ன?

'பாபிலோன் 5' தொடரின் முதல் சீசனில் மார்டன் என்றொருவன் விண்வெளி நிலையத்துக்கு வந்து சேர்கிறான். திருத்தமான உடை, மாறாத புன்னகை. வெவ்வேறு உலகங்களின் தூதர்களைத் தேடிப் போய் ஒரே கேள்வியைக் கேட்கிறான்: உங்களுக்கு என்ன வேண்டும்? நார்ன் தூதர் ஜகாரின் பதில் பழி. ஏறக்குறைய நூறாண்டு தன் மக்களை அடக்கி ஆண்ட சென்டாரிகள் பூண்டோடு அழிய வேண்டும் என்கிறார். அது நடந்து முடிந்த பிறகு என்ன என்று கேட்டால் அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை. தன் உலகம் பத்திரமாக இருந்தால் போதும் என்கிறார். சென்டாரித் தூதர் லோண்டோ மொலாரியோ எரிச்சலில் தொடங்கி, பேசப் பேசத் தன்னை மறந்து, கைவிட்டுப் போன பேரரசின் பெருமை அத்தனையும் திரும்ப வேண்டும் என்று கொட்டித் தீர்க்கிறார். மார்டன் தேர்ந்தெடுப்பது லோண்டோவைத்தான்.

பழி கேட்டவரை விட்டுவிட்டுப் பெருமை கேட்டவரைப் பிடித்ததில் தொடரின் கூர்மையான அரசியல் புரிதல் இருக்கிறது. பழிக்கு ஓர் எல்லை உண்டு. எதிரி செத்துவிட்டால் அது முடிந்துபோகும். அடிபட்ட பெருமைக்கு எல்லை கிடையாது. ஓயாத போரை விரும்பும் 'நிழல்கள்' என்ற ஆதி இனத்தின் தரகனுக்கு ஜகாரால் என்ன பயன்?

ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி உருவாக்கிய இந்தத் தொடரின் முன்னோட்டப் படம் 1993-இல் வந்தது. தொடர் 1994 முதல் 1998 வரை ஓடியது. மொத்தம் 110 அத்தியாயங்கள், அதில் 92 அவர் எழுதியவை. மூன்றாம், நான்காம் சீசன்களை முழுக்க அவர் ஒருவரே எழுதினார். அன்றைய அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடர்களில் ஒரு வாரம் நடந்தது அடுத்த வாரத்தைப் பெரும்பாலும் தொடாது. கிரகமே அழிந்தாலும் கப்பலின் தலைவர் மறுவாரம் பழைய ஆளாகவே வந்து நிற்பார். ஸ்ட்ராசின்ஸ்கி தொடக்கம், நடு, முடிவு உள்ள ஒரு நாவலைப் போல ஐந்து ஆண்டுக் கதையை முன்கூட்டியே வகுத்துக்கொண்டார். இந்த முறையின் பலனை விண்கலச் சண்டைகளிலோ மர்ம முடிச்சுகளிலோ நான் தேட மாட்டேன். அந்தக் கணினி வரைகலை இன்று வெளிறித் தெரிகிறது. குற்றவுணர்வு என்பது காலம் எடுத்து ஊறும் ஒன்று, அதைக் காட்ட ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளை இந்த முறைதான் தொடருக்குக் கொடுத்தது. அதே முறைதான் தொடரின் பெரிய குறைகளுக்கும் காரணம் என்பது என் கட்சி.

லோண்டோ தொடங்கும்போது கோமாளி. விசிறிபோல் விரிந்த தலைமுடி, குடி, சூதாட்டக் கடன், பழம்பெருமைப் பேச்சு. மார்டன் செய்யும் முதல் பெரிய உதவியில் ஒரு நார்ன் புறக்காவல் தளம் அழிந்து பத்தாயிரம் பேர் சாகிறார்கள். கேட்டதும் லோண்டோ உண்மையாகவே பதறுகிறார். ஆனால் அந்த வெற்றியால் தலைநகரில் தன் பெயர் பேசப்படுகிறது என்று தெரியும்போது அவர் வாயை மூடிக்கொள்கிறார். வீழ்ச்சி இவ்வளவு சாதாரணமாக, ஒரு பதவி உயர்வைப் போல நடப்பதுதான் என்னை உலுக்கியது.

1996-இல் ஹியூகோ விருது பெற்ற 'தி கமிங் ஆஃப் ஷாடோஸ்' அத்தியாயத்தை இத்தொடரின் இதயம் என்பேன். நோயுற்ற சென்டாரிப் பேரரசர் துர்ஹான், நார்ன்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்க நிலையத்துக்கு வருகிறார். அதை அறியாத ஜகார் அவரைக் கொல்லக் கத்தியோடு காத்திருக்கிறார். பேரரசர் இடையிலேயே சரிந்து விழுகிறார். அவர் சொல்ல வந்த மன்னிப்பை மருத்துவர் பிராங்க்ளின் வந்து ஜகாரிடம் சேர்க்கிறார். நெகிழ்ந்துபோன ஜகார் லோண்டோவைத் தேடிப் போய், வாழ்நாளில் முதன்முறையாக அவருக்கு மது வாங்கிக் கொடுத்துப் பேரரசரின் நலத்துக்காகக் கோப்பை உயர்த்துகிறார். ஒரு நார்ன் குடியேற்றத்தைத் தாக்கும் உத்தரவு ஏற்கெனவே லோண்டோவிடமிருந்து போய்விட்டது. கோப்பையை வாங்கிய லோண்டோவின் முகத்தில் பீட்டர் ஜுராசிக் காட்டுவதை வில்லத்தனம் என்று சொல்ல முடியாது. திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்துவிட்டோம் என்று அப்போதுதான் உணர்ந்தவனின் திகைப்பு அது. பழிக்குக் காத்திருந்தவன் சமாதானத்துக்குத் தயாராகிவிட்ட அதே நேரத்தில், பழியுணர்ச்சி பெரிதாக இல்லாதவன் போரைத் தொடங்கிவிட்டான்.

அதே சீசனின் இறுதியில், உடன்படிக்கைகள் தடைசெய்த முறையில், விண்கற்களை எறிந்து நார்ன் உலகத்தைச் சென்டாரிப் படை நொறுக்குகிறது. லோண்டோ கப்பலின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கிறார். வசனமே இல்லை. பிறகு சபைக்கு வந்து சரணடைவு விதிகளை அறிவிப்பதும் அவர்தான்: ஒரு நார்ன் ஒரு சென்டாரியைக் கொன்றால் ஐந்நூறு நார்ன்கள் கொல்லப்படுவார்கள், கொன்றவனின் குடும்பமும் அதில் அடக்கம்.

இந்த விதியை வைத்துப் பின்னால் ஒரு காட்சி எழுதப்பட்டிருக்கிறது. குண்டு வெடித்துச் சிதைந்த ஒரு லிப்டுக்குள் லோண்டோவும் ஜகாரும் மாட்டிக்கொள்கிறார்கள். காப்பாற்ற உதவு என்கிறார் லோண்டோ. ஜகார் சிரிக்கிறார். கொன்றால் ஐந்நூறு உயிர் போகும், ஆகவே கொல்ல முடியாது. ஆனால் உன்னோடு சேர்ந்து சாவதற்கும், நீ சாவதைப் பார்ப்பதற்கும் எந்த விதியும் தடையில்லை என்று உட்கார்ந்துவிடுகிறார். லோண்டோ உயிரோடிருக்க லோண்டோ அறிவித்த கொடூரமே காரணம். வென்றவன் தோற்றவனுக்குப் போட்ட விலங்கின் மறுமுனை தன் கையிலும் மாட்டியிருப்பதை இதைவிடச் சிக்கனமாக எப்படிக் காட்டுவது?

இன்னொரு லிப்ட் காட்சி இதற்கு முன்பே வந்துவிட்டது. லோண்டோவின் உதவியாளன் விர் கோட்டோ நல்லவன், பயந்தவன். லிப்டில் தனியாக அகப்பட்ட ஜகாரிடம் தட்டுத் தடுமாறி வருத்தம் தெரிவிக்கிறான். ஜகார் தன் உள்ளங்கையைக் கத்தியால் கீறி, சொட்டும் ஒவ்வொரு துளியையும் ஒரு பிணமாக எண்ணுகிறார். இவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பாய் என்கிறார். முடியாது என்கிறான் விர். அப்படியானால் என்னாலும் மன்னிக்க முடியாது என்று போய்விடுகிறார். குற்றம் செய்யாதவன் கேட்ட மன்னிப்பு, கொடுக்கும் உரிமை இல்லாதவனிடம் கேட்கப்பட்டது. செத்தவர்கள் சார்பில் யாரும் மன்னிக்க முடியாது என்ற கடினமான உண்மையைத் தொடர் இரண்டாம் சீசனிலேயே சொல்லிவிட்டது. கனத்த முகமூடிக்கும் சிவப்புக் கண்வில்லைகளுக்கும் பின்னால் இருந்து ஆண்ட்ரியாஸ் கட்சுலாஸ் இதை நடித்திருக்கிறார் என்பதை நினைத்தால் வியப்பு கூடுகிறது. முகமே தெரியாத ஒரு நடிகர் இவ்வளவு துயரத்தை எங்கிருந்து கொண்டுவந்தார்!

விர் இத்தோடு நிற்பதில்லை. போலிப் பெயரில் ஆவணங்கள் தயாரித்து, இறந்துவிட்டதாகக் கணக்குக் காட்டி, ஆயிரக்கணக்கான நார்ன்களைத் தப்பவைக்கிறான். அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் லிண்டிஸ்டி அழகி, அன்பானவள், கலகலப்பானவள். நார்ன்களைக் கொன்றதை வீட்டு வேலையைச் சொல்வதுபோல் சொல்கிறாள். விர் தன் கையால் கொல்வதற்காக ஒரு நார்னைக் கொண்டுவந்து நிறுத்தவும் செய்கிறாள். பைத்தியக்காரப் பேரரசன் கார்டாஜியாவைவிட இந்தப் பெண் எனக்குப் பயங்கரமாகத் தெரிகிறாள். அவன் ஒருவன் செத்தால் ஒழிந்தான். லிண்டிஸ்டிகள் வீடுதோறும் இருக்கிறார்கள். கார்டாஜியாவை விஷ ஊசியால் கொல்வதும் எதிர்பாராதவிதமாக விரின் கையில் வந்து முடிகிறது. கொடுங்கோலனைக் கொன்றதற்காக அவன் குடித்துவிட்டு அழுகிறான். ஒரு கிரகத்தைக் கொளுத்திய லோண்டோ அவனைத் தேற்றுகிறார்.

ஜகாரின் மாற்றத்தில்தான் முதல் நெருடல். மூன்றாம் சீசனில் மனங்களுக்குள் ஊடுருவ வைக்கும் போதைப்பொருளை உட்கொண்டு, லோண்டோவை அடித்து வீழ்த்தி, அவர் நினைவுகளைக் கிழித்துப் படிக்கிறார். தன் மக்களின் அழிவுக்கு வித்திட்டவர் இவர்தான் என்று கண்ணால் காண்கிறார். பழியின் உச்சம் இது. சரியாக அங்கே, 'நிழல்'களை எதிர்க்கும் வோர்லான் இனத்தின் தூதர் கோஷ் அவர் மனத்துக்குள் புகுந்து, இறந்த தந்தையாகவும் நார்ன்களின் தெய்வ உருவாகவும் தோன்றி, இந்தச் சுழல் இரு இனங்களையும் விழுங்கும் என்று உணர்த்துகிறார். ஜகார் ஞானியாக வெளியே வருகிறார். சிறையில் அவர் எழுதும் நூலும், பின்னால் கார்டாஜியாவின் சவுக்கடியில் அவர் காட்டும் உறுதியும் மறக்க முடியாதவை. ஆனாலும் அந்தத் திருப்பத்தை அவர் சம்பாதிக்கவில்லை, வெளியிலிருந்து ஒருவர் ஊட்டிவிட்டார். கோஷுக்குப் போரில் சொந்தக் கணக்கு உண்டு என்பதும் நமக்குத் தெரியும். தன் வலியிலிருந்து தானே நடந்து அந்த இடத்துக்கு வந்திருக்கக்கூடிய பாத்திரத்தைக் கைப்பிடித்து இழுத்துவந்தது ஏன்? கதை குறித்த ஆண்டில் குறித்த இடத்துக்கு அவர் வந்து சேர வேண்டியிருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

முன்கணிப்பு இன்னொரு சிக்கல். தானும் ஜகாரும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துச் சாவதாகக் கனவு கண்டதை முதல் சீசனின் முதல் அத்தியாயத்திலேயே லோண்டோ சொல்கிறார். விதி எழுதப்பட்டுவிட்டால் குற்றத்துக்குப் பொறுப்பு யார்? இந்தப் பொறியிலிருந்து ஸ்ட்ராசின்ஸ்கி தப்பித்துக்கொண்ட விதம் அழகானது. இருவரும் சாவது மாறவில்லை, அதன் பொருள் மாறிவிடுகிறது. மூன்றாம் சீசனில் வரும் எதிர்காலக் காட்சியில், அப்போது பேரரசராகிவிட்ட லோண்டோவின் தோளில் ஒட்டி அவரை ஆட்டிவைக்கும் உயிரி மதுவில் மயங்கிக் கிடக்கும் சிறு இடைவெளியில், கைதிகளைத் தப்பவிடுவதற்காகத் தன்னைக் கொல்லும்படி ஜகாரிடம் அவரே கேட்டுக்கொள்கிறார். பகைமை என்று நாம் படித்த படம் உதவியாகித் தெரிகிறது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில், ஐந்தாம் சீசனில், ஜகார் விடைபெறும்போது தன் மக்கள் அவருடைய மக்களை ஒருநாளும் மன்னிக்க மாட்டார்கள், ஆனால் தான் அவரை மன்னிக்க முடியும் என்கிறார். லிப்டில் விருக்குச் சொன்ன பதிலை ஜகார் திரும்பப் பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மக்கள் சார்பில் மன்னிக்கும் உரிமை அப்போதும் அவருக்கு இல்லை. தன் முதுகில் விழுந்த சவுக்கடிக்கு மட்டும் அவர் சொந்தக்காரர்.

இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்கும் தொடர் மனித நாயகனிடம் வரும்போது பேனாவை மூடிவிடுகிறது. 'நிழல்'களின் கருவிகள் உடலில் புதைக்கப்பட்ட, தாங்கள் என்ன ஆனோம் என்பதே அறியாத மனவாசிகளை, அதாவது பிறர் மனத்தைப் படிக்க வல்லவர்களை, தளபதி ஷெரிடன் பூமியின் உள்நாட்டுப் போரில் ஆயுதமாக்கிக் கப்பல்களுக்குள் அனுப்புகிறார். சிறிது தயக்கம், அதோடு சரி. அடுத்து அவர் பல உலகங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராகிறார். அந்த மனவாசிகளைப் பற்றி வந்து கேட்பவன் வில்லனான பெஸ்டர். அவனும் தன் காதலி ஒருத்திக்காகவே கேட்கிறான். லோண்டோவுக்கு ஒரு வாழ்நாள் தண்டனை, ஷெரிடனுக்கு ஒரு பெருமூச்சா?

மற்றோர் இனத்தின் தூதரான டெலெனின் கதை இதைவிட வருத்தம் தருவது. தன் குரு துகாட் மனிதர்களின் முதல் தாக்குதலில் இறந்ததும், கோபத்தில் அவள் அளித்த ஒரு வாக்குத்தான் மனித இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோன போரைத் தொடங்கியது. அந்த வேடத்தில் நடித்த மிரா ஃபுர்லான் சாக்ரெப்பில் பிறந்தவர். யூகோஸ்லாவியா உடைந்தபோது இரு தரப்பு நகரங்களின் மேடைகளிலும் நடித்ததற்காகத் தூற்றப்பட்டு 1991-இல் நாட்டைவிட்டு வெளியேறியவர். போரின் முதல் சொல் எவ்வளவு எளிதாக வாயிலிருந்து விழும் என்பதை அவர் அறியாதவரல்ல. நான்காம் சீசனில் அந்த நினைவு மீளும் காட்சியில் அவர் முகம் அதைச் சொல்கிறது. எழுத்து அந்த முகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பாவத்தைத் தோண்டத் தொடங்கிய அத்தியாயம், அவள் புனிதர் வேலனின் வழித்தோன்றல் என்ற வம்சாவளிக் கண்டுபிடிப்பில் நழுவி, ஷெரிடனை மணக்கலாமா என்ற கேள்விக்கு விடை தந்துவிட்டு முடிகிறது. செத்த மனிதர்கள் அந்த அத்தியாயத்தில் எங்கே?

ஐந்தாம் சீசன் கிடைக்குமா என்ற அச்சத்தில் நான்காம் சீசனில் கதை அவசரமாகச் சுருட்டப்பட்டதும் சேதம்தான். பல உலகங்களைக் கொளுத்திய வோர்லான்களும் 'நிழல்'களும் ஒரு விவாதத்தில் தோற்று, திட்டு வாங்கிய பிள்ளைகளைப் போல விண்மீன் மண்டலத்தை விட்டுப் போய்விடுகிறார்கள். ஒருவரும் எதற்கும் பதில் சொல்வதில்லை. பிறகு ஐந்தாம் சீசன் கிடைத்தபோது அதன் முற்பாதி பைரனின் மனவாசிக் குழுவிடம் போய்விட்டது.

இதில் மிகவும் நஷ்டப்பட்டவர்கள் நார்ன்கள். குற்றவாளிக்கு நீண்ட உள்வாழ்வு தந்த தொடர், பாதிக்கப்பட்ட இனத்துக்கு ஒரு ஜகாரை மட்டும் தந்து மற்றவர்களைக் கூட்டமாக்கிவிட்டது. அவருடைய உதவியாளர் நடோத் இரண்டாம் சீசனுக்குப் பிறகு காணாமல் போகிறாள். ஐந்தாம் சீசனில் சென்டாரி அரண்மனையின் நிலவறையில், எல்லோராலும் மறக்கப்பட்ட கைதியாகக் கண்டெடுக்கப்படுகிறாள். லோண்டோவும் ஜகாரும் சேர்ந்து அவளை வெளியே கொண்டுபோகிறார்கள். அத்தியாயத்தின் அக்கறை மீட்பவர்கள் இருவரின் நட்பில்தான். அவள் ஊர் திரும்பினாளா, அங்கே ஊர் என்று ஏதேனும் மிஞ்சியிருந்ததா, பின்னால் சென்டாரித் தலைநகரும் தாக்கப்பட்டு எரிந்த செய்தியைக் கேட்டு என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. பைரனுக்குக் கொடுத்த அத்தியாயங்களில் ஒன்றையாவது நடோத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். மார்டன் அவளிடம் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது, ஜகாரின் ஞானத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.