பச்சை ரத்தம்

2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட் நகரப் போலீஸ், பப்ஜி என்ற செல்போன் விளையாட்டை ஆடத் தடை போட்டது. பிள்ளைகளிடம் வன்முறைக் குணம் வளர்கிறது, படிப்பு கெடுகிறது என்று உத்தரவில் காரணம் சொன்னார்கள். சில நாட்களிலேயே போனும் கையுமாக உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர்களைப் பிடித்து வழக்குப் போட்டு ஜாமீனில் விட்டார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசே 118 செயலிகளில் ஒன்றாகப் பப்ஜியை முடக்கியது. சீனாவுடனான கல்வான் மோதலுக்குப் பிந்தைய நேரம் அது. நாட்டின் இறையாண்மையும் தகவல் பாதுகாப்பும்தான் அப்போது காரணங்கள். நம் வீட்டுப் பெற்றோர் பலருக்குக் காரணம் எதுவானாலும் சரி, சனியன் தொலைந்தது என்ற நிம்மதி.

அந்த நிம்மதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயந்தது எதற்கு என்பதில்தான் குழப்பம்.

ஆட்டம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம். நூறு பேர் விமானத்திலிருந்து எராங்கல் என்ற தீவில் குதிக்கிறார்கள். கையில் ஒன்றும் கிடையாது. வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி, ஹெல்மெட், பேண்டேஜ் எல்லாம் பொறுக்க வேண்டும். பையன்கள் பாஷையில் ‘லூட்’. நேரம் ஆக ஆக வட்டம் சுருங்கும். வெளியே மாட்டிக்கொண்டால் உயிர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அரை மணி நேர ஆட்டத்தில் சுடுவது சில நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் ஓடுவதும் பதுங்குவதும் பேச்சும். “மச்சி, மாடியில ஒருத்தன் இருக்கான், ரஷ் பண்ணாத.” “டேய், நாக் ஆயிட்டேன், வந்து ரிவைவ் பண்ணுடா.” விழுந்தவனைத் தூக்கிவிடத் தன் உயிரைப் பணயம் வைப்பது இங்கே சர்வ சாதாரணம். ஊரடங்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பல பிள்ளைகள் நண்பர்களைச் சந்தித்தது இந்தத் தீவில்தான். அதிரடி விளையாட்டுகள் பார்வைக் கவனத்தைக் கூர்மையாக்குகின்றன என்று ஷான் கிரீனும் டாப்னி பாவலியரும் 2003இலேயே காட்டியிருக்கிறார்கள். அந்தக் கூர்மை கணக்குப் பரீட்சைக்கும் கை கொடுக்கும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம்.

வன்முறை விளையாட்டு வன்முறையாளனை உருவாக்குமா? ஆய்வாளர்கள் இரு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 17,000 பிள்ளைகளை உள்ளடக்கிய 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அதிகம் ஆடியவர்களிடம் பின்னாளில் அடிதடி சற்றுக் கூடியிருந்தது. தொடர்பு சிறியது, ஆனால் இல்லாமல் இல்லை. மறு ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி, பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரையும் அவர்கள் பெற்றோரையும் விசாரித்து, தொடர்பே தெரியவில்லை என்றார். அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் நடுவே வந்து நின்றது: கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டு, துப்பாக்கிச் சூடு போன்ற குற்றங்களோடு முடிச்சுப் போட ஆதாரம் போதாது.

இந்த ஆய்வுகளில் ஆக்ரோஷத்தை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்தால் சிரிப்பு வரும். ஆட்டம் முடிந்ததும், காரம் பிடிக்காத இன்னொருவருக்கு எவ்வளவு காரச் சாறு ஊற்றுகிறீர்கள் என்று பார்ப்பது ஒரு முறை. நம் ஊரில் அந்தச் சோதனையை வைத்தால் விருந்தோம்பலும் ஆக்ரோஷத்தில் சேர்ந்துவிடும்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஷிபில்ஸ்கியும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட வேறொரு ஆய்வு. ரத்தமே இல்லாத டெட்ரிஸ் விளையாட்டைக்கூட வேண்டுமென்றே ஆட முடியாதபடி ஆக்கிக் கொடுத்தால் ஆடுகிறவனுக்கு எரிச்சல் பொங்குகிறது. தன்னால் முடியவில்லை என்ற தவிப்புதான் கோபத்தைக் கிளப்புகிறது, திரையில் வன்முறை இருக்கிறதா இல்லையா என்பது அல்ல. நெட் இழுத்து, கடைசி வட்டத்தில் செத்துப்போய், போனைக் கட்டிலில் எறிகிற பையனைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. “சாப்பிட வாடா” என்று கூப்பிட்ட அம்மாமேல் அவன் பாய்வது அந்தத் தோல்வியின் சூட்டில்தான். நூறு பேரில் ஒரு அணிதான் ஜெயிக்கும் என்ற ஆட்டத்தில் தோல்வி தினசரிச் சோறு. இன்னொரு ஆட்டம் போடத் தூண்டுவதும் அதுவே. இது தற்செயலாக அமைந்ததல்ல. இந்தத் தொழிலே அதில்தான் ஓடுகிறது.

பணமும் அங்கேதான் நுழைகிறது. துப்பாக்கிக்குப் புதுச் சட்டை, ஆளுக்குப் புது வேடம். எது வரும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி. இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018இலேயே அறிவித்துவிட்டது. இதோடு தூக்கம் போகிறது, குரல் அரட்டையில் முகம் தெரியாத வளர்ந்தவர்கள் பேசும் கெட்ட வார்த்தைகள் பத்து வயதுக் காதில் விழுகின்றன. ‘வன்முறை’ என்று ஒரே சொல்லில் இத்தனையையும் மூட்டை கட்டினால் எதற்கும் மருந்து கிடைக்காது.

சினிமாவை விட்டுவிட்டு விளையாட்டை மட்டும் கூண்டில் ஏற்றுவதும் சரியில்லை. பொம்மையை அடிக்கும் பெரியவரைப் பார்த்துக் குழந்தைகளும் அடித்ததை ஆல்பர்ட் பண்டூரா 1961இல் காட்டியது பலரும் அறிந்தது. அதைவிட 1965இல் அவர் செய்த ஆய்வு நமக்கு நெருக்கமானது: அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள் அவரைப் போலச் செய்வது குறைந்தது. நம் படங்களில் தலையைச் சீவும் நாயகனுக்குக் கிடைப்பது பின்னணி இசை, ஸ்லோமோஷன், தியேட்டர் அதிரும் விசில். 2023இல் ‘ஜெயிலர்’ யு/ஏ சான்றிதழோடுதான் வந்தது. 2025இல் ‘கூலி’க்கு ‘ஏ’ கிடைத்தபின் தயாரிப்பு நிறுவனம் யு/ஏ கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனது, மனு தள்ளுபடியானது. குழந்தை குட்டிகளோடு வரும் கூட்டம் குறைந்தால் வசூல் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பப்ஜியில் சுட்டவனுக்கு ஒரு கதையும் இல்லை, நியாயமும் இல்லை, அடுத்த ஆட்டத்தில் அவனே செத்துப்போவான். திரையில் கொல்பவனுக்கோ தர்மமே துணை நிற்கிறது. பிள்ளைகள் மனதில் எது தங்கும் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பப்ஜி 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. ரத்தம் பச்சையானது. அதனால் யாருக்கும் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. உருப்படியான மாற்றங்கள் வேறு: 18 வயதுக்குக் கீழே நாளுக்கு மூன்று மணி நேரம்தான், பெற்றோர் ஒப்புதல் வேண்டும், ஒரு நாள் செலவுக்கு 7,000 ரூபாய் உச்சவரம்பு. நேரக் கட்டுப்பாடு சரியான இடத்தில் கை வைக்கிறது. ஒரு நாளைக்கு ஏழாயிரம் என்பது, பல வீடுகளின் மாத மளிகைச் செலவு தெரிந்தவர்கள் போட்ட வரம்பாகத் தெரியவில்லை. ஒப்புதலுக்கான ஓடிபி அப்பாவின் நம்பருக்குத்தான் வரும். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே போன் என்றால், சாயங்காலம் ஆறு மணிக்கு அது யார் கையில் இருக்கும்?