உறையாத பட்டு

பட்டுப்புழுவின் உடலுக்குள் பட்டு நூலாக இருப்பதில்லை. ஃபைப்ராயின் என்ற புரதம் கெட்டியான கூழ்போல அதன் சுரப்பியில் நிறைந்திருக்கிறது. அவ்வளவு அடர்த்தியிலும் அது உறைவதில்லை. குறுகிக்கொண்டே போகும் குழாயில் அமிலத்தன்மை கூடக் கூட, புழு தலையை எட்டுப்போல ஆட்டி இழுக்க இழுக்கத்தான் மூலக்கூறுகள் அடுக்கடுக்காகப் படிந்து இழையாகின்றன. ஒரு கூட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நூல், அறுபடாமல்! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காத வித்தை இது.

புரதம் இப்படி அடுக்காகப் படிவதுதான் அல்சைமர் நோயாளியின் மூளையில் கேடாகிறது. அங்கே அதற்கு அமிலாய்டு என்று பெயர்.

இந்த உறவு பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியிடம் இன்னும் நெருக்கம். இலையில் மயிரிழைக் காம்பு நட்டு, அதன் நுனியில் முட்டை வைக்கும் பூச்சி அது. அந்தக் காம்பும் பட்டுதான். 1957-ல் பார்க்கர், ருடால் இருவரும் எக்ஸ் கதிர் கொண்டு அதை ஆராய்ந்தபோது, பட்டுப்புழு நூலில் நெடுக ஓடும் புரதச் சங்கிலி இதில் குறுக்காக மடிந்திருந்தது. 1968-ல் ஈன்ஸ், கிளென்னர் இருவரும் அமிலாய்டு இழைகளில் கண்டதும் இதே குறுக்கு அடுக்கைத்தான். பூச்சிக்கு முட்டையைத் தாங்கும் தூண். மனிதனுக்கு நினைவை அரிக்கும் நோய்.

உங்கள் தோட்டத்து இலையில் அப்படி ஒரு காம்பும் முட்டையும் தென்பட்டால் துடைத்துவிடாதீர்கள். பொரிந்து வரும் புழு அசுவினியைத் தின்னும்.