பேரிஜம் சாலையும் வராத விமானங்களும்

கடற்படைக்கு 26 ரஃபேல்-எம் விமானங்கள் வாங்க 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. அயல்மண்ணில் நம் படை சிக்கிக்கொண்டாலும் கவலையில்லை. விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று கடலில் நின்றால் போதும், கடைசிச் சிப்பாய்வரை பத்திரமாகத் திரும்பிவிடலாம் என்கிறார்கள். இதற்குச் சான்றாகச் சொல்லப்படுவது 1950 டிசம்பரில் கொரியாவின் ஹங்னம் துறைமுகத்தில் நடந்தது. சான்று பொய்யல்ல. சீனப் படை நெருக்கிவர, கப்பல்களிலிருந்து எழுந்த பாந்தர் ஜெட்டுகளும் கோர்சேர்களும் காவல் காக்க, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஐ.நா. துருப்புகள் வெளியேறின. ஏறக்குறைய அதே அளவு அகதிகளும் தப்பினார்கள். பின்வாங்கும் படை தரையிலுள்ள விமானத்தளத்தை முன்னதாகவே காலிசெய்தாக வேண்டும். கப்பல் கடைசிவரை நிற்கும். இந்த வசதிக்கு மாற்று இல்லை.

ஆனால் ஹங்னத்தில் அந்தக் கப்பல்களை மூழ்கடிக்கும் வலிமையோடு யாரும் தேடி வரவில்லை. வந்தால் என்ன ஆகும் என்பதைப் பழனி மலையில் இருப்பவர்கள் கொரியாவுக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரியைத் தாண்டி மூணாறு நோக்கிப் போகும் பழைய பாதைக்கு எஸ்கேப் ரோடு என்று பெயர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் கிழக்குக் கரையில் இறங்கினால், இவ்வழியே மலையைக் கடந்து கொச்சியில் கப்பலேறலாம் என்பது திட்டமாம். இன்று பேரிஜம்வரை போவதற்கே வனத்துறை அனுமதி வேண்டும். அதற்கப்பால் பொதுப் போக்குவரத்து இல்லை. சுற்றுலா வழிகாட்டிகளோ இன்னமும் இதை வெள்ளைக்காரனின் முன்யோசனை என்று மெச்சுகிறார்கள்.

கொச்சியில் கப்பலேறுகிறவர்களுக்கு வானில் யார் காவல்? அரபிக்கடலில் நிற்கும் விமானந்தாங்கிகள்தான் இருந்திருக்க வேண்டும். அவை என்ன செய்தன என்று பாருங்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் அரசு அலுவலகங்கள் மூட்டை கட்டின. பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படைத் தளபதி அட்மிரல் சோமர்வில்லிடம் இண்டாமிடபிள், ஃபார்மிடபிள், ஹெர்மிஸ் என மூன்று விமானந்தாங்கிகள் இருந்தும் எதிரியைப் பகலில் நேருக்கு நேர் சந்திக்க அவருக்குத் துணிவில்லை. துணிந்திருந்தால் அது மடமை. ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் மூழ்கியபோது அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். உதவிக்குத் தரையிலிருந்து கிளம்பிய ஃபுல்மர்கள் வந்துசேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கிழக்குக் கடற்படையின் பழைய போர்க்கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள கிலிண்டினிக்கு ஒதுங்கின. பின்வாங்குகிறவர்களைக் காக்க வேண்டிய கடற்படையே முதலில் பின்வாங்கிவிட்டது.

அது பழைய கதை, இப்போது ஏவுகணைகளும் துணைக்கப்பல்களும் உண்டே என்பார்கள். எதிரிக்கும் அவை உண்டு. மூழ்கிய கப்பலின் பெயரையே தாங்கி வந்த இன்னொரு ஹெர்மிஸ், 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் படையின் தலைமைக் கப்பல். அதன் ஸீ ஹாரியர்கள் வான்சண்டையில் ஒன்றைக்கூட இழக்கவில்லை. ஆனால் எக்ஸோசெட் ஏவுகணைக்கு அஞ்சிக் கப்பல் கிழக்கே தள்ளி நின்றதால், கரைக்கு மேல் அவை சுற்றக்கூடிய நேரம் சுருங்கியது. ஜூன் 8-இல் வான்தாக்குதலில் சர் கலஹாட் என்ற துருப்புக் கப்பல் எரிந்தபோது அதில் 48 பேர் மாண்டார்கள். 1987-இல் விராட் என்ற பெயரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது இந்தக் கப்பல்தான். 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை இலங்கையின் திரிகோணமலையிலிருந்து சேதமின்றிக் கிளம்பியதற்கு அதைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. நாம் போனால் போதும் என்றுதான் இலங்கை அதிபர் பிரேமதாசாவும் புலிகளும் காத்திருந்தார்கள்.

இனி ரஃபேலுக்கு வருவோம். 26-இல் நான்கு, இரட்டை இருக்கைப் பயிற்சி விமானங்கள். அவை கப்பலிலிருந்து இயங்கா. மிச்சம் 22. அவற்றில் பழுதுபார்ப்பில் கிடப்பவை போக, கப்பலைச் சுற்றிக் காவல் நிற்பவை போக, கரையில் காத்திருக்கும் சிப்பாய்களின் தலைக்குமேல் ஒரே நேரத்தில் எத்தனை பறக்கும்? மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுக் காட்டட்டும்.