முதல் முறை கேட்பவர்களும் முன்பே கேட்டவர்களும்

ஹெட்போன் மாட்டிய ஒருவர் கேமராவுக்கு எதிரே உட்கார்ந்து, தான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் பதிவான ஒரு பாட்டை முதல் தடவையாகக் கேட்கிறார். பாட்டு திரையின் ஒரு மூலையில் ஓடுகிறது. மீதித் திரையெல்லாம் அவர் முகம். ரியாக்‌ஷன் வீடியோ எனப்படும் இந்த வகையில் எல்லா இசைக்கும் இடம் உண்டு. ஆனாலும் 1970களின் புரோகிரஸிவ் ராக் இங்கே பிடித்திருக்கும் இடம் விசித்திரமானது. இருபது நிமிடம் நீளும் பாட்டு, ஏழும் ஒன்பதுமாக எண்ண வேண்டிய தாளம், ஆடவும் கூடப் பாடவும் எளிதில் இடம்தராத திருப்பங்கள்: அவசரத்துக்குப் பேர்போன யூடியூபில் இவை எடுபடும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்? எடுபட்டது ஏன், அதனால் அந்த இசைக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காமல் நிற்பது என்ன என்ற மூன்று கேள்விகளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

வகை உருவான விதம்

யூடியூப் 2005இல் தொடங்கியது. 2010இல் பென்னி ஃபைன், ரஃபி ஃபைன் என்ற அமெரிக்கச் சகோதரர்கள், பரவலாகப் பேசப்பட்ட வீடியோக்களைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதைப் படம்பிடித்துத் தொடராக்கினார்கள். 2016இல் ‘ரியாக்ட்’ என்ற சொல்லுக்கே வணிகக்குறி உரிமை கோரினார்கள். எதிர்ப்பு வலுத்ததும் கைவிட்டார்கள். அதற்குள் ஒரு கேமராவும் அறையும் உள்ள எவரும் செய்யக்கூடிய வேலையாக அது மாறியிருந்தது.

இசை ரியாக்‌ஷனைப் பொதுச் செய்தியாக்கியது 2020. கொரோனாவால் உலகம் வீட்டுக்குள் அடைந்துகிடந்த அந்த ஆண்டு ஆகஸ்டில், இண்டியானா மாநிலத்தின் கேரி நகரைச் சேர்ந்த இரட்டையர் டிம் வில்லியம்ஸும் ஃபிரெட் வில்லியம்ஸும் ஃபில் காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ பாட்டைக் கேட்ட வீடியோ ஊரெல்லாம் பரவியது. 1981இல் வந்த பாட்டு. மூன்றரை நிமிடத்துக்கு மேல் அடக்கமாகவே போய், பிறகு டிரம்ஸ் இடியாக இறங்கும். பாட்டு தொடங்கி இவ்வளவு நேரம் கழித்தா தாளம் இறங்குவது என்று அந்த இளைஞர்கள் வியந்தார்கள். நாற்பது ஆண்டுப் பழைய பாட்டு மீண்டும் ஐட்யூன்ஸ் விற்பனைப் பட்டியலின் முன்வரிசைக்கு ஏறியது.

இது புரோகிரஸிவ் ராக் பாட்டு அல்ல. ஆனால் அதன் வீட்டில் வளர்ந்தது. காலின்ஸ் 1970இல் ஜெனிசிஸ் குழுவில் டிரம்மராகச் சேர்ந்தவர். அந்த டிரம்ஸின் பெருத்த ஒலி, ஜெனிசிஸின் முன்னாள் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பப் பதிவின்போது, ஒலிப்பொறியாளர் ஹியூ பட்காம் உடனிருக்க உருவானது. கேட்பவரை நெடுநேரம் காக்கவைத்துப் பிறகு கொடுப்பது ஜெனிசிஸ் பழகிய வித்தை. அந்த வித்தை முகத்தில் எப்படித் தெரியும் என்பதை அந்த வீடியோ காட்டிவிட்டது. அதே காலத்தில் இந்த வகை இசை இணையத்தில் எளிதாகக் கிடைக்கவும் தொடங்கியது. கிங் கிரிம்சன், டூல் ஆகிய குழுக்களின் பதிவுகள் 2019இல்தான் ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு வந்தன. 2020 ஜனவரியில் ரஷ் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட் இறந்தபோது, அவர் யார் என்று தேடிப்போன கூட்டமும் சேர்ந்தது.

மூன்று வகைக் காதுகள்

இந்தத் துறையில் இயங்குபவர்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் எந்தப் பயிற்சியும் இல்லாத ரசிகர்கள். பலர் ஹிப்-ஹாப் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களை வெறும் அப்பாவிகளாகப் பார்ப்பது தவறு. பழைய இசைத்தட்டிலிருந்து துண்டு எடுத்துப் புதுப் பாட்டு கட்டுவது ஹிப்-ஹாப்பின் அடிப்படை என்பதால், அவர்களின் காது மூலத்தைத் தேடும் காது. கிங் கிரிம்சனின் 1969 பாட்டான ‘ட்வென்டிஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்’ தொடங்கியதும் சிலர் நிமிர்ந்து உட்காருவதற்குக் காரணம், கான்யே வெஸ்ட் 2010இல் ‘பவர்’ பாட்டில் அதை எடுத்தாண்டிருப்பது. தாளத்திலும் அவர்கள் கில்லாடிகள். பிங்க் ஃபிளாய்டின் ‘மனி’ ஏழு எண்ணிக்கையில் ஓடுவது; மிச்ரசாபு பழகிய நம் காதுக்கு ஏழு அந்நியம் இல்லை. நாலுக்கே தலையாட்டிப் பழகியவர், ஒரு சுற்று முடிவதற்குள் தலை தப்பிப்போவதை உணர்ந்து நிறுத்துகிறார். சொல்லத் தெரியாவிட்டாலும் உடம்பு கண்டுபிடித்துவிடுகிறது.

இரண்டாம் வகையினர் செவ்வியல் பயிற்சி பெற்றவர்கள். இசையமைப்பாளர் டக் ஹெல்வெரிங், ஓபரா பாடகி எலிசபெத் ஸாராஃப் போன்றவர்கள் தாங்கள் கேட்பதற்குப் பெயர் சொல்கிறார்கள்: இங்கே சுருதி மாறுகிறது, இங்கே பாடகர் மூச்சை இப்படித் தாங்குகிறார் என்று. பிங்க் ஃபிளாய்டின் 1973 ஆல்பத்தில் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ இவர்களுக்கு நல்ல தீனி. சொல்லே இல்லாமல் கிளேர் டோரி பாடிய பாட்டு அது. அன்று அவருக்குக் கிடைத்த கூலி 30 பவுண்டு. 2004இல் வழக்குத் தொடுத்து, 2005இல் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகே பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயர் ஏறியது. குரலை அங்குலம் அங்குலமாக விளக்கும் ஒரு வீடியோ, அந்தப் பெயர் ஏன் ஏறியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லாமலே நிறுவிவிடுகிறது.

மூன்றாம் வகையினர் வாத்தியக்காரர்கள், முக்கியமாக டிரம்மர்கள். ரஷ்ஷின் 1981 வாத்தியப் பாட்டு ‘ஒய்ஒய்ஸி’, டொரொண்டோ விமான நிலையத்தின் குறியீட்டு எழுத்துகளை மோர்ஸ் தந்தி ஒலியாக்கி அதையே தாளமாக வைத்துத் தொடங்குகிறது. டிரம்மர் ஒருவர் அதை எண்ண முயன்று, விரல்விட்டு, தோற்று, சிரித்து, மறுபடி எண்ணுவதைப் பார்ப்பது ஒரு வகுப்பில் உட்கார்ந்த பலனைத் தரும்.

பார்க்க வருகிறவர்கள்

வீடியோ புதியவரைப் பற்றியது போலத் தோன்றினாலும், அதைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பாட்டை மனப்பாடமாக அறிந்தவர்கள். அவர்களுக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. 1970களின் நடுவில் பங்க் எழுந்தபோது, இந்த இசை பகட்டுக்கு உதாரணமாக நிறுத்தப்பட்டது. செக்ஸ் பிஸ்டல்ஸின் ஜானி ராட்டன் பிங்க் ஃபிளாய்டை வெறுப்பதாக எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தார். அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் ரஷ்ஷைச் சேர்த்துக்கொண்டது 2013இல். குழுவின் முதல் ஆல்பம் வந்து 39 ஆண்டுகளுக்குப் பின். தங்கள் இளமையின் ரசனை கேலிக்குள்ளானதைப் பார்த்தவர்களுக்கு, இருபது வயதுக்காரர் ஒருவர் வாயடைத்து உட்காருவது தாமதமாக வந்த தீர்ப்பு. கேட்பவர் கறுப்பின இளைஞராகவும் பார்ப்பவர் வயதான வெள்ளையராகவும் இருக்கும் வீடியோக்களில் இந்தத் தீர்ப்புக்கான பசி சங்கடமான அளவுக்குத் தெரிகிறது. பாராட்டு வரும்வரைதான் விருந்தாளிக்கு மரியாதை. பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை அவருக்குக் குறைவு. ஆச்சரியத்தைக் கூட்டி நடிக்கிறார்கள் என்ற புகாரும் பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஆனால் பசி மட்டுமே காரணம் அல்ல. 2011இல் மான்ட்ரியலின் மெகில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இசை கேட்டு மெய்சிலிர்க்கும் தருணத்தில் மூளையில் டோபமின் சுரப்பதைப் பதிவுசெய்தார்கள். உச்சத்தில் சுரப்பது ஓர் இடம். உச்சம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே சுரப்பது வேறோர் இடம். அந்தச் சோதனையில் ஒலித்தவை, பங்கேற்றவர்கள் தங்களைச் சிலிர்க்கவைக்கும் என்று தாங்களே தேர்ந்து கொண்டுவந்த இசைத் துண்டுகள் என்பது கவனிக்கத்தக்கது. காத்திருப்பதற்கு முன்னறிவு வேண்டும். கூத்தில் துகிலுரிதல் வரப்போவது ஊருக்கே தெரியும். தெரிந்ததால்தான் ஊர் விடியவிடிய விழித்திருக்கிறது. ரியாக்‌ஷன் வீடியோவிலும் சிலிர்ப்பின் பெரும்பங்கு தெரிந்தவருக்கே போகிறது. திரையில் இருப்பவருக்கு மிஞ்சுவது திடுக்கிடல்.

நிறுத்தும் பொத்தான்

இந்த வீடியோக்களைப் பற்றிய ஓயாத குறை, பாட்டை அடிக்கடி நிறுத்திவிடுகிறார்கள் என்பது. நிறுத்துவதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 2007இல் யூடியூப் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி முறை, வீடியோவில் ஒலிக்கும் பாட்டைத் தானாகவே அடையாளம் கண்டு உரிமையாளரிடம் சேதி சொல்லிவிடும். வருமானம் அவருக்குப் போகலாம், வீடியோவே முடக்கப்படலாம். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் விமர்சனத்துக்காக எடுத்தாள்வதை நியாயமான பயன்பாடாக ஏற்கிறது. 2017இல் ரியாக்‌ஷன் வீடியோ ஒன்றுக்காக ஈதன் கிளைன், ஹிலா கிளைன் என்ற யூடியூப் தம்பதிக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இடையிடையே நிறுத்தி விமர்சித்ததே அவர்களைக் காத்தது. ஆனால் எல்லா ரியாக்‌ஷன் வீடியோவுக்கும் இது பொருந்தாது, விமர்சனமே இல்லாமல் கூட்டாக உட்கார்ந்து பார்ப்பது போன்றவையும் உண்டு என்று அதே தீர்ப்பு எச்சரித்தது. பாட்டுகளைப் பிரித்துக் காட்டி விளக்குவதில் புகழ்பெற்ற ரிக் பியாட்டோ, 2020 ஜூலையில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு முன்பே இந்தச் சிக்கலைப் பற்றிச் சாட்சி சொன்னார்.

ஆக, பேசுவதற்காக நிறுத்துகிறார்களா, நிறுத்த வேண்டியிருப்பதால் பேசுகிறார்களா என்று பிரிக்க முடியாத ஒரு நிலை. மூன்று நிமிடப் பாட்டு இதைத் தாங்கும். யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ தாங்காது. 1972இல் வந்த அந்தப் பாட்டு பறவை ஒலியிலும் நீரொலியிலும் தொடங்கி, சட்டென்று முரட்டுக் கிட்டாரில் பாய்ந்து, நடுவே ஏறத்தாழ அசைவற்று நின்று, லண்டன் தேவாலயம் ஒன்றில் பதிவான ரிக் வேக்மனின் குழல் ஆர்கனுக்கு ஏறி, தொடங்கிய மெட்டுக்குத் திரும்புகிறது. பதினெட்டு நிமிடத்துக்கு மேல். அந்த நடுப்பகுதியின் அமைதிக்கு முன்னிருந்த களேபரமே எடை தருகிறது. இடையில் நான்கு நிமிடம் பேசிவிட்டுத் திரும்பினால் அமைதி வெறும் மெதுவான பகுதியாகிவிடும்.

திரும்பி வரும் மெட்டு

இங்கேதான் வடிவத்துக்கும் இசைக்கும் உள்ள உண்மையான பிணக்கு இருக்கிறது. புரோகிரஸிவ் ராக் ஆச்சரியங்களின் தொகுப்பு என்று ரியாக்‌ஷன் வீடியோ நம்பவைக்கிறது. ஆச்சரியம் அதன் மேல்தோல். அதன் கட்டுமானம் நினைவின்மேல் நிற்கிறது. 1972இல் ஜெனிசிஸ் வெளியிட்ட ‘சப்பர்ஸ் ரெடி’ ஏழு பகுதிகள் கொண்டது, 23 நிமிடம். ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தில் வெறிகொண்டு ஓடும் பகுதி முடியும் வேளையில், இருபதாம் நிமிடத்தை ஒட்டி, தொடக்கத்தில் மென்மையாகக் கேட்ட மெட்டு வேறு உருவில் திரும்பி வருகிறது. முதல் முறை கேட்பவர், இதை எங்கோ கேட்டோமே என்று புருவம் நெரிக்கலாம்; அவ்வளவுதான் முடியும். அந்தத் தருணத்துக்காகவே எழுதப்பட்ட பாட்டு, முதல் கேட்பில் அந்தத் தருணத்தைத் தவறவிடவைக்கிறது. குறை கேட்பவருடையது அல்ல. வட்டின் ஒரு பக்கத்தை ஏறத்தாழ நிறைக்கும்படியும், திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பதற்காகவும் செய்த பொருளை ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்க்கும் வடிவத்துடையது.

தேர்விலும் இதே விளைவு உண்டு. எதைக் கேட்பது என்பதைப் பெரும்பாலும் காசு கொடுத்து ஆதரிக்கும் ரசிகர்களின் வேண்டுகோள் முடிவுசெய்கிறது. அவர்கள் ஏற்கெனவே நேசிப்பதையே கேட்கச் சொல்கிறார்கள். யெஸ், ஜெனிசிஸ், ரஷ், பிங்க் ஃபிளாய்ட் என்று சில பாட்டுகள் சேனலுக்குச் சேனல் சுற்றிவருகின்றன. இத்தாலியின் பிரெமியாத்தா ஃபோர்னெரியா மார்க்கோனி, தனக்கென்று ஒரு மொழியையே புனைந்துகொண்டு பாடிய பிரான்சின் மாக்மா, இங்கிலாந்தின் கேன்டர்பரி வட்டத்துக் குழுக்கள் ஆகியோர் அந்த அளவுக்குத் தென்படுவதில்லை. கண்டுபிடிப்பின் பெயரால் நடப்பது, தெரிந்த பட்டியலை இன்னொருவர் வாயால் உறுதிசெய்வது.

இருந்தும் இந்த வகையை ஒதுக்கிவிட முடியாது. ஒரு தலைமுறைக்கு முன் இந்த இசையை அறிய அண்ணனின் வட்டுப் பெட்டியோ விவரம் தெரிந்த கடைக்காரரோ வேண்டியிருந்தது. இன்று அவர்கள் வேலையைக் கேமரா முன் அமர்ந்தவரும் அவருக்கு எழுதிக் கேட்டவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். துறையின் நல்ல பகுதி எது என்பதை ஒரு எளிய அளவுகோல் காட்டிவிடும்: அதே பாட்டுக்கு அவர் மறுபடி வருகிறாரா? சிலர் முதலில் முழுப் பாட்டையும் நிறுத்தாமல் கேட்டு, பிறகு தொடக்கத்திலிருந்து நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்கள். சிலர் தனிப் பாட்டை விட்டு முழு ஆல்பத்தை எடுக்கிறார்கள். இரு பக்கங்களிலும் ஒரே பாட்டாக 43 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஜெத்ரோ டல்லின் ‘திக் ஆஸ் எ பிரிக்’கை (1972) இப்படிக் கேட்டுப் பேச ஒருவருக்குப் பல மணி நேரம் பிடிக்கும், முகபாவத்துக்காக வந்தவர்கள் பாதியில் எழுந்து போயிருப்பார்கள். மிஞ்சியிருப்பவர்களுக்கு, திரையில் இருப்பவர் இனிப் புதியவர் அல்ல. மெட்டு திரும்பி வரும்போது அவரும் அதற்காகக் காத்திருப்பார். புரோகிரஸிவ் ராக்கைப் பற்றி அவர் சொல்வது அப்போதிலிருந்து விமர்சனமாகிறது. அதுவரை சொன்னது முன்னுரை.